எதிர்ப்பக்கத்துப் பெயர்

சனிக்கிழமைகளில் அந்தத் தையல் வகுப்பு அறை இலவச சட்ட உதவி மையமாக மாறிவிடும். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மெஷின்களுக்கு உறை போட்டுச் சுவரோரம் தள்ளுவார்கள். துணி வெட்டும் நீள மேசைக்குக் குறுக்கே ஒரு தட்டியை நிறுத்தினால் இந்தப் பக்கம் காத்திருப்பவர்கள், அந்தப் பக்கம் வக்கீல். உட்கார, தைக்கிறவர்களின் முதுகில்லாத முக்காலிகள்தான். எவ்வளவு பெருக்கினாலும் தரையில் ஒரு குண்டூசியாவது மிச்சம் இருக்கும். அதனால் படியேறி வருகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் சட்ட ஆலோசனை, "செருப்பக் கழட்டாதீங்க" என்பதுதான்.

அதைச் சொல்பவர் வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் டோக்கன் அக்கா. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்று அவர் சொன்னால், அழுதுகொண்டே வந்தவர்கூட ஓர் அடி முன்னால் நகர்ந்துவிட்டுத்தான் மிச்சத்தை அழுவார்.

அக்காவின் மேசையில் ஓர் அட்டைப்பெட்டி உண்டு. வருகிறவரின் பெயர் ஓர் அட்டையில், அவர் யார் மீது குறை சொல்ல வந்திருக்கிறாரோ அவருடைய பெயர் அதே அட்டையில், 'எதிர்ப்பக்கம்' என்ற இடத்தில். வக்கீல் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன் இரண்டு பெயரையும் பெட்டியில் தேடிப் பார்க்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. சீட்டாட்டத்தில் இரண்டு பேர் கையையும் பார்த்துவிட்ட ஒருவர் அதற்குப் பிறகு யாருக்காகவும் ஆட முடியாது. ஒருவருக்கு உதவினால், இன்னொருவர் நம்பிக் காட்டியதை வைத்து உதவுவதாக ஆகிவிடும். அதனால் ஒரு சண்டையில் ஒரு பக்கத்தோடு பேசிய வக்கீல் மறுபக்கத்தைத் தொடக் கூடாது. ஏன் தொடவில்லை என்று சொல்லவும் கூடாது. சொன்னால் முதலில் வந்தவரைக் காட்டிக் கொடுத்ததாகிவிடும்.

விதி நல்ல விதிதான். ஆனால் அது வாசலிலேயே வேலையைக் கெடுக்கிறது என்பது வக்கீலம்மாவின் கட்சி.

"எதிர்ப்பக்கம் யாரு?" என்று அக்கா கேட்பார்.

"எதிர்ப்பக்கமெல்லாம் இல்லீங்க. எங்க வீட்டுக்காரர்தான்."

இந்தப் பதிலைச் சொன்ன பெண் அதே நிமிடம் எழுந்து போய்விட்டாள். பெயரை வாய்விட்டுச் சொன்னதும் புருஷன் உண்மையிலேயே எதிராளி ஆகிவிட்ட மாதிரி அவளுக்கு இருந்திருக்கும். அப்படி ஒருத்தி போனதைப் பார்த்த பிறகுதான் வக்கீலம்மா தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டார். முதலில் உட்காரட்டும், தண்ணீர் குடிக்கட்டும், கதையைச் சொல்லட்டும். பெயரைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். அக்கா முணுமுணுப்பார். "டிக்கெட் வாங்காம ஏத்தறீங்க. செக்கிங் வந்தா யாரு பதில் சொல்றது?" செக்கிங் வந்ததே இல்லை. வழக்கம் நிலைத்துவிட்டது.

வக்கீலம்மாவுக்கு வீட்டில் ஒரு பெயர் உண்டு: ரேடியோ. எது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார். குளியலறைக் குழாய் கெட்டுப்போனால் அதைக் கழற்றி, உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை மகளுக்குக் காட்டி, அது தண்ணீரை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்று விளக்கி முடித்த பிறகுதான் மாட்டுவார். சட்டத்தையும் அப்படித்தான் கழற்றிக் காட்டுவார். குடியிருப்புகளில், தொழிற்கூடங்களில், கிடைத்த இடத்தில் கூட்டம் போட்டு உரிமைகளைப் பற்றிப் பேசுவார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அதை அப்படியே இன்னொருவருக்குச் சொல்ல முடியும். அதுதான் அவருடைய பெருமை.

அப்படி ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் லிஃப்ட் மெக்கானிக் அவரை முதன்முதலாகக் கேட்டான். பழுதான லிஃப்டின் கதவைத் திறந்துவைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், பேச்சு தொடங்கியதும் ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டான். அடுத்து வந்த சனிக்கிழமை தையல் அறைக்கு வந்தான். தலை படிய வாரி, சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான்.

அக்கா அட்டையை எடுத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் வந்தார். "இவருக்கு எதிர்ப்பக்கம் எழுதலயே."

"இவருக்கு எதிர்ப்பக்கமே இல்லக்கா. சும்மா தெரிஞ்சுக்க வந்திருக்காரு" என்றார் வக்கீலம்மா. அதற்குள் பேச்சில் அவர் பாதி லிஃப்டுக்குள் போயிருந்தார்.

அவன்தான் தொடங்கிவைத்தான். "கயிறு அறுந்தா லிஃப்ட்டு விழுந்துடும்னு எல்லாரும் பயப்படறாங்க மேடம். விழாது. மேல ஒரு சக்கரம் வேகத்தைப் பாத்துக்கிட்டே இருக்கும். அளவு தாண்டினா அது பூட்டிக்கும். பூட்டினதும் கீழ இருக்கிற ஆப்பு ரெண்டும் தண்டவாளத்தக் கவ்விப் பிடிச்சுக்கும். வேகம் தாண்டறதுதான் கணக்கு, கயிறு இல்ல."

"அட!" என்றார் வக்கீலம்மா. "அந்தச் சக்கரத்த யாராவது கட்டி வெச்சுட்டா?"

"அப்ப விழும்" என்று சொல்லிச் சிரித்தான். "ஆனா அப்படிச் செய்யறவன் மெக்கானிக் இல்ல மேடம்."

அதற்குப் பிறகுதான் தன் விஷயத்துக்கு வந்தான். மனைவிக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. சின்ன விஷயத்துக்கும் கத்துகிறாள். கோபத்தில் போய் ஏதாவது பொய்ப் புகார் கொடுத்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. "கதவுக்குள்ள நடக்கறத யாரும் பாக்கலையே மேடம். கோர்ட்டு எத வெச்சு முடிவு பண்ணும்?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வக்கீலம்மாவுக்கு உலகத்திலேயே பிடித்த கேள்வி அது.

"சுவத்துக்குள்ள குழாய் ஒழுகுதுன்னு வெச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். "சுவத்த ஒடச்சா பாப்பீங்க? மாட்டீங்க. ஈரம் எங்க தெரியுதுன்னு பாப்பீங்க. கோர்ட்டும் அப்படித்தான். நாலு எடத்துல ஈரம் தேடும்." பக்கத்து வீட்டார் காது. ஃபோனில் அனுப்பிய செய்திகள். மருத்துவரிடம் தனியாகச் சொன்னது. மனசுவிட்டுப் பேசும் அக்காவோ தோழியோ. ஒவ்வொன்றாக, அது ஏன் நம்பத்தக்கது, எப்படிச் சாட்சியாகிறது என்று சொன்னார். அவன் குறுக்கே பேசவில்லை. நல்ல மாணவன் மாதிரி தலையாட்டினான். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டான்.

"அப்ப ஈரமே இல்லாட்டி?"

"ஈரம் இல்லாட்டி ஒழுகலன்னு அர்த்தம்" என்று வக்கீலம்மா சிரித்தார்.

"நீங்க டீச்சராப் போயிருக்கணும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் வீட்டில் லிஃப்ட் விழாமல் இருப்பது எப்படி என்று வக்கீலம்மா ஒரு கிண்ணத்தையும் நூலையும் வைத்து விளக்கினார். கிண்ணம் உடைந்தது. "பிரேக் சரியில்ல" என்றார் கணவர்.

சில மாதம் போயிற்று. வெயில் காலம் வந்துவிட்டது. தையல் அறையின் ஒரே மின்விசிறி, பேச்சுச் சத்தத்தைவிட அதிகமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கடைப் பெண் அன்றைய கூட்டத்தில் கடைசியாக வந்தாள். கண்பார்வைக்குக் கண்ணாடி செய்கிற கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரல் நுனிகள் வெளுத்து வழவழப்பாக இருந்தன. முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளிகிட்ட ஃபிரேம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன் மேடம். மத்தியானம் இவரு கடைக்கு வந்து எட்டிப் பாப்பாரு. அதுக்குள்ள போயிடணும்."

"போயிடலாம். மொதல்ல தண்ணி குடிங்க. உங்களுக்கு எங்க தோணுதோ அங்கேர்ந்து சொல்லுங்க." பெயர் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்.

அவள் தண்ணீரைக் குடித்தாள். பிறகு எதைச் சொல்வது என்று தெரியாமல், சொல்ல முடியாததை முதலில் சொன்னாள். "எங்கிட்ட ஒண்ணுமே இல்ல மேடம். காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதச் சொல்லவே வெக்கமா இருக்கு. அடிபட்டவ மாதிரி கூட என்னால வர முடியல."

"காட்டறதுக்கு ஒண்ணும் வேணாம். சொல்லுங்க, போதும்."

"முன்னெல்லாம் சத்தம் கேட்டா பக்கத்து வீட்டம்மா கதவத் தட்டுவாங்க. சர்க்கரை இருக்கான்னு கேக்கற மாதிரி வந்து நிப்பாங்க. இப்ப இவரு அவங்க வீட்டு மோட்டார், ஃபேன் எல்லாம் சும்மாவே ரிப்பேர் பண்ணிக் குடுக்கறாரு. 'என் சம்சாரத்துக்கு மனசு சரியில்லம்மா, கத்துவா, கண்டுக்காதீங்க'ன்னு சொல்லி வெச்சுட்டாரு. இப்ப படியில என்னப் பாத்தா அவங்க பாவமா சிரிக்கறாங்க."

வக்கீலம்மா எழுதிக்கொண்டார்.

"அப்புறம் புது ஃபோன் வாங்கிக் குடுத்தாரு. அன்பாம். பழசுல அவரு திட்டி அனுப்பினதெல்லாம் இருந்துச்சு. அது எங்க போச்சுன்னே தெரியல. டாக்டர்கிட்ட போனா கூடவே உள்ள வராரு. எனக்கு முன்னாடி அவரே சொல்லிடறாரு, 'வழுக்கி விழுந்துட்டா'ன்னு. எங்க பெரியக்கா ஒருத்திதான் பாக்கி. அவளோடயும் சண்ட மூட்டி விட்டுட்டாரு. நான் அவளப் பத்தித் தப்பாப் பேசினேன்னு அவகிட்டயே சொல்லிட்டாரு. இப்ப ஃபோன் எடுக்க மாட்டேங்கறா."

பக்கத்து வீடு. ஃபோன். மருத்துவர். அக்கா. வக்கீலம்மாவின் பேனா மெதுவாயிற்று. அந்த வரிசை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யார் சொல்லிக் கேட்டது என்றுதான் உடனே பிடிபடவில்லை. நம் குரலை நாமே வெளியிலிருந்து கேட்டால் முதலில் அடையாளம் தெரியாது.

"ஒரு நாள் நான் சொன்னேன் மேடம், வெளிய போய்ச் சொல்லிடுவேன்னு. கோவப்படவே இல்ல. சிரிச்சாரு. 'ஈரமே இல்லாத சுவத்துல குழாய் ஒழுகுதுன்னு சொல்லிப் பாரு, உன்னத்தான் பைத்தியம்பாங்க'ன்னாரு."

பேனா நின்றுவிட்டது.

"உங்க வீட்டுக்காரர்..." வக்கீலம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "என்ன வேல பாக்கறாரு?"

"லிஃப்ட்டு ரிப்பேர்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் அக்கா ஃபோனில் யாரிடமோ, "சில்லற இல்லன்னா எறங்குங்கன்னு சொல்ற பழக்கம் இன்னும் போகல எனக்கு" என்று சொல்லிச் சிரித்தார்.

வக்கீலம்மா மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் எங்கெல்லாம் துடைக்க வேண்டும் என்று ஒருவனுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தாயிற்று. அதுவும் உற்சாகமாக, உதாரணத்தோடு, அவன் மறந்துவிடாதபடி. திருடன் கையில் சாவியைக் கொடுத்ததோடு நிற்காமல், பூட்டு எப்படித் திறக்கும் என்றும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இவளிடம் புருஷன் பெயரைக் கேட்காதவரை பெட்டியில் எதுவும் தெரியாது. அவன் அட்டையில் எதிர்ப்பக்கம் காலி. வாயை மூடிக்கொண்டு இவள் வழக்கை எடுத்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. இவரைவிட நன்றாக அதை நடத்தவும் யாராலும் முடியாது, அவன் எதைத் துடைத்தான் என்று தெரிந்த ஒரே ஆள் இவர்தான். அந்த எண்ணம் கண நேரம் இனித்தது. ஆனால் அது எங்கே போய் முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். வழக்கு நடக்கும் நாளில் அவன் எழுந்து, "இந்த வக்கீல் முதல்ல எனக்குத்தான் ஆலோசனை சொன்னாங்க" என்று பணிவாக ஒரு வரி சொல்வான். இவளுடைய வழக்கு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். தன் தவற்றைச் சரிசெய்ய இவளையே பணயம் வைப்பதாக ஆகும்.

அப்போதுதான் வக்கீலம்மா அவளுடைய மூக்குக்கண்ணாடியைப் பார்த்தார். காதுக்குப் போகிற கம்பிகளில் ஒன்று கறுப்பு, மற்றது பழுப்பு. மூக்கில் உட்காரும் இரண்டு சிறு திண்டுகளும் ஒரே ஜோடி இல்லை. கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறவளுக்கு ஏன் இப்படி ஒட்டுப்போட்ட கண்ணாடி? கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"உங்க விஷயத்த என்னால பாக்க முடியாது" என்றார்.

அவள் புரியாமல் சிரித்தாள். "என்ன மேடம்?"

"நான் பாக்கக் கூடாது. காரணம் சொல்லவும் கூடாது. வேற ஒரு வக்கீல வரச் சொல்றேன். இப்பவே."

பையைப் பிடித்திருந்த கைகள் இறுகின. அவள் மெல்லத் தலையாட்டினாள், இதைத்தானே எதிர்பார்த்தேன் என்பதுபோல. "நீங்களும் நம்பல. அதானே?"

எதை வேண்டுமானாலும் விளக்கத் தெரிந்த அந்த வாய்க்கு, சொல்ல அனுமதி உள்ள வாக்கியம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நம்புகிறேன் என்று சொன்னால், ஏன் எடுக்க மாட்டேன் என்கிறாய் என்று அடுத்த கேள்வி வரும். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு இந்தப் பக்கம்" என்று மட்டும் சொல்லித் தன் பக்கத்து மேசையைத் தொட்டுக் காட்டினார். அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

வாசல் மேசைக்கு வந்து அக்காவின் காதருகே குனிந்தார். "அக்கா, இவங்க வீட்டுக்காரர நான் ஏற்கெனவே பாத்துட்டேன்."

அக்கா அட்டைப்பெட்டியைப் பார்த்தார். பிறகு வக்கீலம்மாவைப் பார்த்தார். "அந்த லிஃப்ட்டுக்காரனா?"

"ம்."

"நான் பேரு கேக்க வந்தேன். நீங்கதான் வேணாம்னீங்க."

"தெரியும்க்கா."

அக்கா ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று வக்கீலம்மா நினைத்திருக்க வேண்டும். அக்கா ஃபோனை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினார். யாரைக் கூப்பிட வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. நடக்கும் தூரத்தில் இருந்த வக்கீல் ஒருவர்தான்.

அவரை வக்கீலம்மா தந்தி என்று அழைப்பார், அவர் இல்லாதபோது. ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "வார்த்தைக்கு இவ்வளவுன்னு தபாலாபீசுல கட்டணம் கட்டறவர் மாதிரி" என்று வக்கீலம்மா பல இடங்களில் சொல்லிச் சிரிக்க வைத்ததுண்டு. அது அவர் காதுக்கும் போயிருக்கும்.

"சார், நீங்க உடனே தையல் கிளாசுக்கு வர முடியுமா? ஒருத்தங்கள நான் பாக்கக் கூடாது."

"அந்தப் பக்கத்தப் பாத்துட்டீங்களா?"

"ஆமா."

"பேர் கேக்கலயா?"

"கேக்கல சார்."

"வரேன்."

தட்டியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிக்கடைப் பெண் வெளியே வந்துவிட்டாள். "பரவால்லங்க. நான் கெளம்பறேன். நேரமாச்சு." யாரையும் பார்க்கவில்லை. இப்போது படியிறங்கினால் இவள் திரும்பி வர மாட்டாள் என்பது அங்கிருந்த இரண்டு பேருக்கும் தெரியும். வக்கீலம்மா ஓர் அடி எடுத்து வைத்தார், நிறுத்திக்கொண்டார். அவர் இனி எதைச் சொன்னாலும் அது ஆலோசனை.

டோக்கன் அக்கா எழுந்து படிக்கட்டை மறித்துக்கொண்டு நின்றார். "டிக்கெட் எடுத்துட்டுப் பாதியில எறங்கறதெல்லாம் கெடையாதும்மா. என் சர்வீசுல நடந்ததில்ல."

"இல்லக்கா, அவரு கடைக்கு வந்துடுவாரு..."

"முதலாளி நம்பர் இருக்கா? குடு. ஃபிரேம் இன்னும் வரல, லேட்டாகும்னு நான் பேசறேன். கண்டக்டர் குரலு. நம்புவாங்க." அவள் உதட்டில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. அக்கா அவளைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார், அங்கே முதுகு உள்ள இருக்கை அது ஒன்றுதான். தந்தி வேர்த்து விறுவிறுத்து மேலே வந்து சேர்ந்தபோது, வக்கீலம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கீழ." அவர் கீழே போனார்.

தெருவாசலில், சைக்கிள்கள் நிற்கும் இடத்தில், பேச்சு காதில் விழாத தூரத்தில் நின்றார். தந்தி அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்பாரா? கேட்காமல் விட்டுவிடுவாரோ? மூன்று வார்த்தைக்காரருக்கு அதெல்லாம் எங்கே தோன்றும்? மேலே ஓடிப்போய், "அந்தக் கம்பியப் பாருங்க சார்" என்று கத்த வேண்டும் போல இருந்தது. நின்ற இடத்திலேயே நின்றார். வெயில் நகர்ந்து காலில் விழுந்தது. அதிகம் பேசாதவரிடம் இன்னொரு பழக்கமும் இருக்கும், வந்தவர் மௌனமாக இருந்தால் அதை நிரப்ப அவசரப்பட மாட்டார் என்பது அப்போது அவருக்கு உறைத்தது. மௌனம் நீண்டால் கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றித் துடைப்பார்கள். தான் எத்தனை பேரைத் துடைக்க விடாமல் பேசியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

தந்தி இறங்கி வந்தார். பின்னால் அவள். ஒட்டுக் கண்ணாடி மூக்கில் இருந்தது. வக்கீலம்மாவைக் கடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலே இருந்து அக்கா எட்டிப் பார்த்து, "எங்க சார்?" என்றார்.

"கண்ணாடிக் கடைக்கு" என்றார் தந்தி.

அன்று வீட்டில் மகள் கேட்டாள், "ம்மா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கைய வெச்சா ஏம்மா சூடா இருக்கு? உள்ளதான ஜில்லுன்னு இருக்கு?" வேறு நாளாக இருந்தால் ஃபிரிட்ஜ் சுவரைவிட்டு வெளியே வந்திருக்கும். "அப்பாவக் கேளு" என்றார்.

"ரேடியோவுக்கு பேட்டரி போச்சா?" என்றார் கணவர்.

பதில் வராததால் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடமும் சொல்ல முடியாது. வெட்கத்தைப் பகிர்ந்துகொண்டால் பாதியாகும் என்பார்கள். இந்த வெட்கம் விதிப்படி முழுசாகத்தான் இருந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் வக்கீலம்மா அளவாகப் பேசினார். குடியிருப்புக் கூட்டங்களுக்கு வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார். கண்ணாடிக்கடைப் பெண்ணைப் பற்றித் தந்தியிடம் கேட்கக் கூடாது, கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் கூடாது, சொல்லவில்லை. அவள் பிழைத்தாளா, மறுபடியும் அந்தக் கதவுக்குள்ளேயே போய்விட்டாளா என்று தெரியாமல் மழைக்காலம் வந்தது.

தெரியப்படுத்த அவனே வந்தான்.

முக்காலிகள் எல்லாம் நிறைந்திருந்த ஒரு காலை. தோளில் பெரிய பை. தலை படிய வாரியிருந்தான், சட்டை மட்டும் தேய்க்கப்படவில்லை. டோக்கன் வாங்காமல் நேரே தட்டியின் ஓரத்துக்கு வந்து கைகூப்பினான்.

"நல்லா இருக்கீங்களா டீச்சர்?"

வக்கீலம்மா எழுந்து நின்றார். "உங்களுக்கு இங்க ஆலோசனை கெடையாது. வெளிய போங்க."

"ஆலோசனைக்கு வரல. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." குரலை உயர்த்தவில்லை. ஆனால் அறை அவ்வளவு அமைதியாகிவிட்டதால் எல்லாருக்கும் கேட்டது. "கோர்ட்டு என்ன வீட்ட விட்டுப் போகச் சொல்லிடுச்சு. அவ கிட்ட போகக் கூடாதாம். கடைப் பக்கமும் போகக் கூடாதாம். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான் எல்லாம் செஞ்சேன் டீச்சர். நாலு எடத்துலயும் ஒரு சொட்டு ஈரம் இல்ல."

முக்காலியில் இருந்தவர்களின் கண்கள் அவனிடமிருந்து வக்கீலம்மாவிடம் வந்து நின்றன.

"அவ மொதலாளி, அவ கண்ணாடியோட உடைஞ்ச ஃபிரேமெல்லாம் ஒரு டப்பாவுல போட்டு வெச்சிருந்தாராம், ஸ்க்ரூவுக்கு ஆகும்னு. ஒவ்வொண்ணும் எப்ப உடைஞ்சுது, அன்னைக்கு அவ மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு அவரு வந்து சொன்னாரு. டப்பாவக் கொண்டாந்து மேசையில கொட்டினாங்க." உண்மையிலேயே மனம் புண்பட்டவன்போலத் தலையை ஆட்டினான். "எல்லாம் நல்லாத்தான் வெளக்கினீங்க. அத மட்டும் விட்டுட்டீங்களே."

இல்லை என்று கத்தலாம். நான் உன்னைத் தெரிந்து சொல்லிக் கொடுக்கவில்லை, நீ பொய் சொல்லி வாங்கிக்கொண்டாய் என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லலாம். ஆனால் இந்தத் தட்டிக்குப் பின்னால் ஒருவன் பேசியதை அவனே தெருவில் நின்று கூவினாலும், வக்கீல் வாய் திறக்கக் கூடாது. அந்த விதிக்குள் அவனும் அடக்கம். வக்கீலம்மா பேசாமல் நின்றார். பேசாமல் நிற்பது ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது. அதில் பெரும்பகுதி உண்மைதானே என்றும் பட்டது.

"எறங்குப்பா" என்றார் டோக்கன் அக்கா. பஸ்ஸில் கூடக் கேட்டிராத குரல். "உன் ஸ்டாப்பிங் எப்பவோ வந்தாச்சு."

அவன் இன்னொரு முறை கைகூப்பிவிட்டுப் படியிறங்கினான். காலடிச் சத்தம் ஓய்ந்ததும் ஒரு பெண் டோக்கனை மேசையில் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். அவளைத் தொடர்ந்து இன்னொருத்தியும். வக்கீலம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். கண்ணாடிக்கடைப் பெண் வீட்டில் இருக்கிறாள், அவன் வெளியில் இருக்கிறான். அந்தச் சேதி உள்ளே எங்கோ ஆழத்தில் போய் இறங்கியது. ஆனால் அதில் சந்தோஷப்படும் உரிமை தனக்கு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

"அடுத்த டோக்கன்" என்றார் அக்கா.

கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு, ஓரத்து மெஷினில் சாய்ந்திருந்த நடுவயதுப் பெண் ஒருத்தி எழுந்து வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்கேர்ந்து சொல்றதுன்னே தெரியலம்மா..."

"கதை அப்புறம்" என்றார் வக்கீலம்மா. அக்கா கொண்டுவந்த அட்டை முன்னால் இருந்தது. "மொதல்ல பேரு. உங்க பேரும், எதிர்ப்பக்கத்துப் பேரும்."

அந்தப் பெண் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய்விடுவாளோ என்று இருந்தது. "பேரு சொன்னாத்தான் கேப்பீங்களா?"

"ஆமா."

"ஏம்மா?"

அதற்கு நீளமான, அழகான ஒரு விளக்கம் இருந்தது. வக்கீலம்மா அதைச் சொல்லவில்லை. பேனாவை அட்டைமேல் வைத்துக்கொண்டு, அவள் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.